முக்கால் வாரப் பொய்

நாலு மணிக்குள் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைக் கழற்றி வாசலில் கொடுத்துவிட்டுப் போய்விட வேண்டும் என்று முதலாளி சொல்லிவிட்டார். இப்போது மணி ஒன்று பத்து. அட்டைக்குச் சொந்தக்காரி ஆறாவது மாடிப் படிக்கட்டில் உட்கார்ந்து, அதன் கயிற்றை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள்.

அவளுக்கு எதிரே இரண்டு பெண்கள். நின்றுகொண்டிருந்தவர் துப்பறிபவர். பதினைந்து வருஷம் காப்பீட்டு நிறுவனத்தில், மோதிய காரையும் மோதியதாகச் சொல்லப்பட்ட காரையும் பிரித்துச் சொல்லும் வேலை பார்த்தவர். அது அலுத்துப்போய்த் தனியாகப் பலகை மாட்டிக்கொண்டார். ஓர் இடத்தில் உட்காரத் தெரியாது அவருக்கு. நிற்கும்போதும் காலை மாற்றி மாற்றித்தான் நிற்பார். உட்கார்ந்திருந்தவள் அவருடைய வீட்டுக்காரரின் தங்கை. உதவியாளர் பதவியில் இருக்கிறாள். வீட்டில் அவளுக்கு வாயாடி என்று பெயர்.

"நாத்தனார் வேலையே அண்ணிகிட்ட குத்தம் கண்டுபிடிக்கிறதுதான். ஊரார்கிட்டயும் கண்டுபிடிச்சா அதுக்கு விசிட்டிங் கார்டு அடிச்சுத் தர்றாங்க" என்று வருகிறவர்களிடமெல்லாம் அவளே சொல்லிக்கொள்வாள்.

அட்டைக்காரி இவர்கள் குடியிருக்கும் கட்டடத்தில் மாடி வீட்டுப் பெண். அவள் பார்ப்பது மென்பொருள் எழுதும் வேலை அல்ல. எழுதுவதற்கு முன்னால் எதை முதலில் செய்வது, எதை அப்புறம் செய்வது, எதற்கு எத்தனை வாரம் என்று வகுத்துக் கொடுக்கும் வேலை. இந்த நிறுவனம் பாலமும் தண்ணீர்த் தொட்டியும் கட்டுகிறவர்களுக்குக் கணக்குப் போட்டுக் கொடுக்கும் பொறியியல் ஆலோசனை நிறுவனம். இருபது வருஷமாகக் கணினியில் தனித்தனி எக்செல் தாள்களில் போட்டுவந்த கணக்கையெல்லாம் ஒரே மென்பொருளுக்குள் கொண்டுவர ஆசைப்பட்டு, திட்டம் வகுக்க இவளை ஒப்பந்தத்தில் எடுத்திருந்தார்கள்.

அவள் வகுத்தாள். ஐந்து வரி, நாற்பது வாரம். முதலாளியிடம் வாய்வார்த்தையாகவும் நாற்பது என்றுதான் சொன்னாள். அவரும் ஒரு வருஷத்துக்குள் முடிந்துவிடும் என்று பங்குதாரர்களிடம் மார்தட்டிவிட்டு வந்துவிட்டார். அதன்பிறகு அவளுடைய தாள் முறைப்படி மூன்று மேசைகளைக் கடந்து இன்று காலை அவர் கைக்கு வந்து சேர்ந்தது. அதில் நூற்று இருபத்தெட்டேகால் வாரம் என்று இருந்தது. இரண்டரை வருஷம். வேலை இழுத்தால் இவளுடைய ஒப்பந்தமும் கூடவே இழுக்கும் அல்லவா? அதற்காக எண்ணை ஊதிவிட்டாள் என்று முதலாளி முடிவுகட்டிவிட்டார்.

"வேலை போனா போகட்டும்கா. எண்ணை மாத்தினவள்னு பேரோட போனா அப்புறம் எவன் என்கிட்ட திட்டம் போடச் சொல்லுவான்? எனக்கு வேற தொழில் தெரியாது" என்றாள் அவள். கயிறு மறுபடி விரலில் ஏறியது.

அண்ணி முதலாளியிடம் போய் நாலு மணிவரை அவகாசம் கேட்டார். முதலாளி நெற்றியைத் தடவிக்கொண்டே சரி என்றார். இரண்டு தாள்களையும் நகலெடுத்துக்கொள்ளவும் விட்டார். ஒன்று அந்தப் பெண் தன் கணினியில் வைத்திருந்த பிரதி. மற்றது மூன்று மேசை கடந்து வந்தது.

வாயாடி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். முதல் வரி, பொறியாளர்களிடம் பேசித் தேவைகளை எழுதுதல்: நாலு வாரம் இருந்தது பதின்மூன்றரை ஆகியிருந்தது. இரண்டாவது, பாரக் கணக்கு: பன்னிரண்டு இருந்த இடத்தில் நாற்பதரை. மூன்றாவது, வரைபடப் பதிவேடு: எட்டு, இருபத்தேழு. நாலாவது, சோதனை: பத்து, முப்பத்து மூன்றேமுக்கால். கடைசி வரி பழைய கணக்குத் தாள்களைப் புதிய மென்பொருளுக்கு மாற்றுதல். அது ஆறிலிருந்து பதின்மூன்றரை ஆகியிருந்தது.

"கொழுத்துப் போயிருக்கு அண்ணி. பெத்த தாய்க்கே அடையாளம் தெரியாது" என்றாள்.

நடுவில் யாராவது மாற்றியிருந்தால் தடயம் இருக்க வேண்டுமே என்று கேட்டதற்குத் திட்டக்காரி கையை விரித்தாள். இந்த அலுவலகத்தில் ஒரு கட்டளை உண்டாம். தாள் ஒரு மேசைக்கு வந்தால் அங்கே இருப்பவர் அதைப் படித்து, புதிதாக அச்சடித்து, கையெழுத்துப் போட்டு அடுத்த மேசைக்கு அனுப்ப வேண்டும். பழைய தாளை அந்த நிமிஷமே கிழிக்கும் இயந்திரத்தில் போட்டுவிட வேண்டும். முன்பு ஒரு தடவை பழைய வரைபடத்தைப் பார்த்து ஒரு தூணையே தப்பான இடத்தில் எழுப்பிவிட்டார்களாம். அன்றிலிருந்து ஒரு கணக்குக்கு ஒரே தாள்தான் உயிரோடு இருக்கலாம். மூன்று பேரையும் முதலாளி காலையிலேயே நிற்க வைத்து, யாராவது எண்ணை மாற்றினீர்களா என்று கேட்டுவிட்டாராம். மூன்று பேரும் கண்ணைப் பார்த்து இல்லை என்றார்களாம்.

அண்ணி தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார், இறக்கினார், மறுபடி தூக்கினார். பிறகு முப்பத்து மூன்றேமுக்காலின் மேல் விரலை வைத்தார்.

"பொய் சொல்றவங்க எப்படிச் சொல்வாங்க? முப்பத்தஞ்சும்பாங்க, நாற்பதும்பாங்க. முக்கால் வாரத்துக்கு யாராவது பொய் சொல்வாங்களா?"

"நம்ம சின்ன அத்தை சொல்வாங்க."

"அவங்களை விடு. எட்டு இருபத்தேழு ஆயிருக்கே, அதைப் பாரு. எட்டோட பாதியை எட்டுலயே சேரு."

வாயாடி பன்னிரண்டு என்றாள். பன்னிரண்டோடு அதில் பாதி, பதினெட்டு. பதினெட்டோடு அதில் பாதி என்று சொல்ல வாயைத் திறந்தவள் அப்படியே நின்றாள். இருபத்தேழு.

"மூணு தடவை" என்றாள்.

"மூணு மேசை" என்றார் அண்ணி. அதற்குள் அவர் கால் படியில் இறங்கத் தொடங்கியிருந்தது.

ஆனால் நேராக மேசைகளுக்குப் போகவில்லை. நாத்தனாரைக் கைக்கடிகாரத்தோடு தெருவுக்கு அனுப்பினார். பேருந்து நிறுத்தம்வரை சாதாரண நடையில் நடந்துபோய்த் திரும்பி வரவேண்டும், எத்தனை நிமிஷம் என்று பார்க்க வேண்டும். வெயிலில் எதற்கு இந்தத் தண்டனை என்று முணுமுணுத்தபடி வாயாடி போனாள். போக எட்டு நிமிஷம், வர எட்டு நிமிஷம். திரும்பி வந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தவளை அண்ணி உட்காரவிடவில்லை. மூன்று மேசைக்கும் தனித்தனியே போய், பேருந்து நிறுத்தத்துக்கு எத்தனை நிமிஷ நடை என்று மட்டும் கேட்டுக்கொண்டு வரச் சொன்னார்.

முதல் மேசையில் இருப்பவர் தண்ணீர்த் தொட்டிகளுக்குக் கணக்குப் போடுகிறவர். ஒல்லியாக, சட்டைக் கையை முழுசாகப் பொத்தானிட்டு, எந்நேரமும் வியர்த்திருப்பவர். வாயாடி அவருக்குத் தொட்டிக்காரர் என்று பெயர் வைத்தாள். இரண்டாவது மேசை அம்மாள் அஸ்திவாரங்களைப் பார்க்கிறவர். அவர் நாற்காலியில் அமர்ந்திருந்த விதமே அஸ்திவாரம் மாதிரி இருந்ததால் பெயர் தேட வேண்டியிருக்கவில்லை. மூன்றாவது மேசையில் பாலக்காரர். அங்கே இருப்பவர்களில் வயதிலும் குரலிலும் பெரியவர்.

மூன்று பேரும் கொஞ்சம் யோசித்துவிட்டு ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். பன்னிரண்டு நிமிஷம்.

வாயாடிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அண்ணி சிரிக்கவில்லை, வேகமாக நடந்தார். பாலக்காரரிடம் போய், நீங்கள் எண்ணை மாற்றினீர்களா என்று கேட்காமல், பாதுகாப்புக்கு எவ்வளவு சேர்த்தீர்கள் என்று கேட்டார்.

"வழக்கமா சேர்க்கிறதுதான். ஒன்றரை மடங்கு" என்றார் அவர், பேனாவை மூடாமலே. "வந்த எண்ணை வந்தபடியே அனுப்பினா நான் எதுக்கு இன்ஜினீயர்னு உட்கார்ந்திருக்கேன்? பத்து டன் தாங்கணும்னா பதினஞ்சு டன் தாங்கற மாதிரிதான் போடுவோம். பழக்கம்மா. கை தானா போடும்."

அஸ்திவாரத்து அம்மாளும் அதையே சொன்னார். சொல்லிவிட்டு, அது எப்படி மாற்றியதாகும் என்று அவர்தான் கோபித்துக்கொண்டார். தொட்டிக்காரரும் எல்லா வரிக்கும் ஒன்றரை போட்டதாகத் தலையசைத்தார். மற்ற இருவரும் போட்டிருப்பார்கள் என்று மூன்று பேருக்குமே தோன்றவில்லை. பாலக் கணக்கில் என்றால், பாதுகாப்பை யார் சேர்ப்பது, எந்தக் கட்டத்தில் சேர்ப்பது என்று எழுதிய விதி இருக்கிறது. மென்பொருள் திட்டம் இந்த அலுவலகத்துக்கே இதுதான் முதல் தடவை. விதி கிடையாது. ஒரு அடுப்பில் இருந்த பாத்திரத்தில் மூன்று மருமகள்களும் தனித்தனியே வந்து உப்புப் போட்டுவிட்டுப் போன கதைதான்.

"திருடனே இல்லாத திருட்டு. மூணு பேரும் நல்லவங்க. நல்லவங்க மூணு பேர் சேர்ந்தா எவ்வளவு கெடுதல் பண்ண முடியும் பாருங்க அண்ணி" என்றாள் வாயாடி. திட்டக்காரியின் கையை இழுத்துக்கொண்டு முதலாளி அறைக்கு ஓடாத குறையாக அண்ணியின் பின்னால் போனாள். மணி இரண்டு ஐம்பது. மாலைத் தேநீருக்கு வீட்டுக்கே போய்விடலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

முதலாளியும் பொறியாளர்தானே. அண்ணி பாதி சொல்லும்போதே கணிப்பானை எடுத்துவிட்டார். ஒன்றரையை மூன்று தடவை பெருக்கி வந்த எண்ணால் ஒவ்வொரு வரியையும் வகுத்துக்கொண்டே போனார். பதின்மூன்றரை, நாலு. சரி. நாற்பதரை, பன்னிரண்டு. சரி. இருபத்தேழு, எட்டு. முப்பத்து மூன்றேமுக்கால், பத்து. அவருடைய முகம் வரிக்கு வரி இளகிக்கொண்டு வந்தது. வெட்கம்கூட எட்டிப் பார்த்தது. திட்டக்காரி முதல் தடவையாகக் கயிற்றை விட்டாள்.

ஐந்தாவது வரியில் அவர் விரல் நின்றது. மறுபடி போட்டுப் பார்த்தார்.

"இதுவும் நாலுதான் வருது. உன் பிரதியில ஆறுன்னு இருக்கு" என்றார்.

ஆறு வாரம் மூன்று மேசை கடந்தால் இருபதேகால் ஆக வேண்டும். பதின்மூன்றரைதான் இருக்கிறது. அப்படியானால் மேசைக்கு வந்த தாளில் ஆறு இல்லை, நாலு இருந்திருக்கிறது. ஆக, இவள் அனுப்பிய தாள் ஒன்று, இப்போது அசல் என்று காட்டும் தாள் வேறு. முதலாளி கணிப்பானை மெதுவாகக் கீழே வைத்தார்.

"ரெண்டு வாரம் எனக்குப் பெரிசில்லம்மா. ஒரு தாளைக் காட்டி இன்னொரு தாளை அனுப்பற ஆள் இந்த இடத்துல இருக்க முடியாது. அப்படித்தான் ஒரு தடவை தப்பான தூண் நின்னுச்சு. நாலு தூண் நேரா இருந்து அஞ்சாவது கோணலா இருந்தா, கட்டடம் நேரா இருக்குன்னு நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

அவள் ஆறுதான் எழுதினேன் என்றாள். அட்டையைக் கழுத்திலிருந்து எடுத்து, அவர் மேசையின் ஓரத்தில் வைத்தாள். நாலு மணி ஆகட்டும் என்று அண்ணி சொன்னார். முதலாளி கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, ஆகட்டும் என்றார்.

வெளியே வந்ததும் வாயாடிக்கு நிலைகொள்ளவில்லை. நடைபாதையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். அச்சு இயந்திரம் எதையோ துப்பிக்கொண்டே இருந்தது. மின்தூக்கி ஒவ்வொரு மாடியிலும் நின்று நின்று, ஆளில்லாமல் கதவைத் திறந்து மூடியது. அண்ணி சுவரில் சாய்ந்து, பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம் வேறு.

"ஒருவேளை இவளே நாலுன்னு அடிச்சுட்டு மறந்திருப்பாளோ" என்று கேட்டாள் வாயாடி. கேட்டதும் தனக்கே பிடிக்கவில்லை.

அப்படியும் இருக்கலாம் என்றார் அண்ணி. இல்லாவிட்டால் மூன்று பேரில் ஒருவர் அந்த ஒரு வரியை மட்டும் தொடாமல் விட்டிருக்க வேண்டும். ஆறு ஒன்பது ஆகும், ஒன்பது பதின்மூன்றரை ஆகும். இரண்டே தடவை. அதுவும் பொருந்துகிறது. ஆனால் கை தானாகப் போடும் என்கிறார்களே, பேருந்து நிறுத்தத்துக்கே போடுகிற கை ஒரு வரியை மட்டும் ஏன் விடும்?

"நானா இருந்தா விட்டிருப்பேன். எட்டுன்னா எட்டு. வேர்வை வழிய நடந்து பார்த்தவகிட்ட வந்து யாரு பன்னிரண்டும்பாங்க?" என்றாள் வாயாடி, நெற்றியைத் துடைத்தபடி.

பேனா மூடியின் சத்தம் நின்றது.

"நடந்து பார்த்தவ" என்றார் அண்ணி. "அதான் நாத்தனாரே. தெரியாததுக்குத்தான் ஒன்றரை. அளந்து பார்த்ததுக்கு யாரும் ஒன்றரை போட மாட்டாங்க."

அந்தப் பழைய தாள்களை மாற்ற எத்தனை நாள் ஆகும் என்று யாரோ ஒருவருக்கு ஏற்கனவே தெரிந்திருக்கிறது. ஊகமாக அல்ல, செய்து பார்த்துத் தெரிந்திருக்கிறது. வேலை இன்னும் தொடங்கவே இல்லை. அதற்குள் அதை யார் செய்து பார்த்தது? செய்தவர் ஏன் சொல்லவில்லை? அண்ணிக்கு அடுத்த கேள்வி தயாராகிவிட்டது. இந்தத் தடவை அவரே போனார். வாயாடி ஒட்டிக்கொண்டாள்.

பழைய கணக்குத் தாள் ஒன்றை மென்பொருளுக்கு மாற்ற எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று பாலக்காரரிடம் கேட்டார்கள். அவர் கூரையைப் பார்த்தார். ஒரு நாள் பிடிக்கலாம், எதற்கும் ஒன்றரை நாள் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். அஸ்திவாரத்து அம்மாள் இரண்டு என்று தொடங்கி மூன்று என்று முடித்தார். தொட்டிக்காரர் வேலை மும்முரத்தில் இருந்தார். தலையைத் தூக்கவில்லை.

"தாளுக்கு ஒன்னேகால் நாள்" என்றார்.

கூரையையும் பார்க்கவில்லை, எதற்கும் என்றும் சொல்லவில்லை. வாயாடி மனசுக்குள் பெருக்கினாள். திட்டத் தாளில் குறித்திருந்தபடி பழைய தாள்கள் மொத்தம் இருபத்து நாலு. ஒன்றேகால் வீதம் முப்பது வேலை நாள். வாரத்துக்கு ஐந்து என்றால் சரியாக ஆறு வாரம்.

தொட்டிக்காரர் அப்போதுதான் தலையைத் தூக்கினார். அவர் தாமே அந்தப் பெருக்கலைச் செய்து முடித்துவிட்டது முகத்தில் தெரிந்தது.

அண்ணி அவரைப் படிக்கட்டுப் பக்கம் வரும்படி சொன்னார். குரலை உயர்த்தவில்லை. என்ன நடந்தது என்று கேட்கவும் இல்லை. முதலாளி ஐந்தாவது வரியை எப்படி வகுத்தார், அதிலிருந்து அந்தப் பெண்ணைப் பற்றி என்ன முடிவுக்கு வந்தார் என்பதை மட்டும் ஒன்றுவிடாமல் சொன்னார். அட்டை முதலாளி மேசையில் இருப்பதையும் சொன்னார். தொட்டிக்காரர் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டார். எல்லா வரிக்கும் போட்டதாகத்தான் எனக்கு ஞாபகம் என்றார். கம்பியில் அவர் கை வைத்திருந்த இடம் ஈரமாகியிருந்தது.

"சரிங்க. நான் உங்க பேரைச் சொல்ல மாட்டேன்" என்றார் அண்ணி. "மூணே முக்காலுக்கு முதலாளி ரூம்ல இருப்பேன்."

அவர் போன பிறகு வாயாடி பொரிந்து தள்ளினாள். கையில் கிடைத்தவரைக் கையோடு இழுத்துக்கொண்டு போகாமல் இது என்ன விருந்துக்கு அழைக்கிற மாதிரி? அந்தப் பெண்ணின் வாழ்க்கை ஊசலாடுகிறது. இந்த மனுஷர் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார். போய்ச் சொன்னால் என்ன?

"சொன்னா அவர் இல்லைம்பார். பழைய தாள் தூளாகிப் போச்சு, என்கிட்ட சாட்சி கிடையாது. ஒரு தடவை எல்லார் முன்னாடியும் இல்லைன்னு சொல்லிட்டா, அப்புறம் அந்த இல்லையைக் காப்பாத்தறதே அவருக்குப் பொழப்பா போயிடும். அவரா வரட்டும்."

"வரலைன்னா?"

பேனா மூடி மறுபடி ஆரம்பித்தது.

மூன்றே முக்காலுக்கு முதலாளி அறையில் நாலு பேர் இருந்தார்கள். முதலாளி எதையோ படிப்பதுபோல் இருந்தார், பக்கம் திருப்பவில்லை. திட்டக்காரி தன் பையைத் தயாராக மடியில் வைத்திருந்தாள். குளிரூட்டியின் காற்றில் மேசை ஓரத்து அட்டையின் கயிறு மட்டும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. வாயாடி பேசாமல் இருக்கப் படாத பாடு பட்டாள். மூன்று ஐம்பதுக்கு நடைபாதையில் யாரோ வரும் சத்தம் கேட்டது. அது தாண்டிப் போயிற்று. மூன்று ஐம்பத்து நாலுக்கு இன்னொரு சத்தம். அதுவும் தாண்டிப் போய், கொஞ்ச தூரத்தில் நின்று, திரும்பி வந்தது.

தொட்டிக்காரர் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தார். கையில் ஒரு கோடுபோட்ட நோட்டு இருந்தது.

"அந்தப் பொண்ணு ஆறுன்னுதான் எழுதியிருந்தா சார்" என்றார். "நான்தான் அதுக்கு மட்டும் ஒன்றரை போடல. ஆறுதான் சரி. எனக்குத் தெரியும். நான் பண்ணிப் பார்த்துட்டேன்."

முதலாளி எதைப் பண்ணிப் பார்த்தீர் என்று கேட்டார். அவர் நோட்டை மேசையில் வைத்துத் திறந்தார். இருபத்து நாலு தாளும் அதில் வரிவரியாகக் கையால் பிரித்து எழுதப்பட்டிருந்தது. ஒவ்வொன்றின் மேலும் தேதி. நாலரை மாதமாக, மதிய உணவு நேரத்திலும், மற்றவர்கள் கிளம்பிய பிறகு கிடைத்த இரண்டு மணி நேரத்திலும் செய்திருக்கிறார். செலவான நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் தாளுக்கு ஒன்றேகால் நாள்.

ஏன் என்பதற்கு அவர் பன்னிரண்டாவது தாளைத் திருப்பிக் காட்டினார். தொட்டியின் எடையை அடியிலிருந்து மேல்வரை வளையம் வளையமாகக் கூட்டும் தாள். பதினொரு வருஷத்துக்கு முன்னால் அவரே தயாரித்தது. அன்று தொட்டிகளுக்குப் பத்து வளையத்துக்கு மேல் இருந்ததில்லை. அதனால் கூட்டலும் பத்தாவது வரியோடு நிற்கும். பிறகு ஒரு பெரிய தொட்டி வந்தது. பன்னிரண்டு வளையம். தாள் பத்தைக் கூட்டிவிட்டு நின்றுவிட்டது. யாரும் பார்க்கவில்லை. தொட்டி எழும்பி, தண்ணீர் நிரம்பி, நாலு வருஷமாக ஒரு ஊருக்குக் குடிக்கக் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

முதலாளி நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"நிக்குமா?" என்றார் முதலாளி.

"நிக்குது சார். ஆனா பாதுகாப்புக்குன்னு வெச்சதைத் தின்னுக்கிட்டு நிக்குது. அதான் நாலரை மாசமா முழுசா நிரப்ப விடல. அங்க தொட்டியைப் பார்த்துக்கறவர்கிட்ட, உள்பூச்சைச் சோதிக்கிறோம், முக்காலுக்கு மேல ஏத்தாதீங்கன்னு சொல்லி வெச்சிருக்கேன். வாரா வாரம் போன் பண்ணிக் கேட்டுக்குவேன். மத்த தாள்லயும் இப்படி இருக்கான்னு பார்த்து முடிச்சுட்டு வந்து சொல்லிடலாம்னு இருந்தேன்." அவர் நிறுத்தினார். "முடிச்சு ஏழு நாள் ஆச்சு சார். வேற எதுலயும் இல்ல. வந்து சொல்லத்தான் வாய் வரல."

முதலாளி எழுந்து ஜன்னல் வரைக்கும் போனார். திரும்பி வந்தார். உட்காரவில்லை. நாலரை மாதம், நாலரை மாதம் என்று இரண்டு தடவை சொன்னார். தொட்டிக்காரர் தலையைக் குனிந்து நின்றார். அடுத்து வரப்போவது என்ன என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவருக்கும் தெரிந்துதான் வந்திருந்தார்.

முதலாளி முதலில் அட்டையை எடுத்தார். திட்டக்காரியின் பக்கம் நகர்த்தினார். தன் தப்பு என்றும், காலையில் பேசியதை மறந்துவிட வேண்டும் என்றும் அவளிடம் சொன்னார். அவருக்கு அதைச் சொல்லிப் பழக்கமில்லை என்பது சொன்ன விதத்திலேயே தெரிந்தது.

அவள் அட்டையைக் கையில் எடுத்தாள், மாட்டிக்கொள்ளவில்லை.

"என் திட்டமும் தப்பு சார்" என்றாள். "அந்த இருபத்து நாலு தாள்ல ஒன்னைக்கூட நான் திறந்து பார்க்கல. பழசுதானே, கடைசியில மாத்திக்கலாம்னு அஞ்சாவது வரியில போட்டுட்டேன். முப்பத்து நாலு வாரம் கழிச்சுத்தான் யாராவது அதைத் தொட்டிருப்பாங்க. பத்தோட நிக்கிற கணக்கு அப்படியே மிஷினுக்குள்ள போயிருக்கும். உள்ள போனதுக்கு அப்புறம் யாரும் திறந்து பார்க்க மாட்டாங்க, மிஷின் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு எல்லாத் தொட்டிக்கும் போட்டுக்கிட்டே இருப்போம்."

பையிலிருந்து பென்சிலை எடுத்து, ஐந்தாவது வரியை அடித்துவிட்டு எல்லாவற்றுக்கும் மேலே எழுதினாள். பழைய தாள்கள். அதன் பக்கத்தில் ஆறு வாரம்.

"இது முதல்ல வரணும். இதை அளந்து பார்த்தவர் இந்த ஆபீஸ்ல ஒருத்தர்தான் இருக்காரு. அவர் இல்லாம இந்த ஆறு வாரத்துக்கு நான் பொறுப்பு ஏத்துக்க முடியாது சார். நீங்க அவரை அனுப்பறதா இருந்தா, இந்த அட்டை இங்கயே இருக்கட்டும்."

வாயாடி அண்ணியைப் பார்த்தாள். கால்மணி நேரத்துக்கு முன்னால் தன் பெயரைக் காப்பாற்ற யாராவது வரமாட்டார்களா என்று கதவையே பார்த்துக்கொண்டிருந்த பெண் இவள்தான். அது திரும்பிக் கைக்கு வந்து முழுசாக ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அதற்குள் பணயம் வைத்துவிட்டாள். அண்ணி முதல் தடவையாக அன்றைக்கு ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

முதலாளி நோட்டின் பன்னிரண்டாவது தாளை வெகுநேரம் பார்த்தார். பத்தாவது வரிக்குக் கீழே கூட்டலுக்கு வெளியே நின்ற இரண்டு எண்களையும் விரலால் தொட்டார். அந்தத் தாளை மூன்று மேசையும் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறது, நாலாவது கையெழுத்து என்னுடையது என்று யாரிடமோ சொல்வதுபோல் சொன்னார்.

"திட்டத்தை அப்புறம் பேசலாம். ரெண்டு பேரும் இருங்க. முதல்ல தொட்டி" என்றார். மேசைத் தொலைபேசியைத் தொட்டிக்காரர் பக்கம் திருப்பி வைத்தார்.

எண்ணை அவர் பார்க்காமலே அழுத்தினார். மூன்றாவது மணியில் எடுத்த குரல் எல்லோருக்கும் கேட்டது. சொல்லுங்க சார், முக்கால்லதான் இருக்கு, ஏத்தல என்று அதுவாகவே சொல்லிற்று. வாரா வாரம் கேட்டுப் பழகிய கேள்வி.

"பூச்சுச் சோதனை எதுவும் இல்லைங்க" என்றார் தொட்டிக்காரர். "என் கணக்குல தப்பு. தொட்டி தாங்க வேண்டியதைவிட அதிகமா தாங்கிக்கிட்டு இருக்கு. நான் அப்பவே உங்ககிட்ட சொல்லியிருக்கணும். பாதிக்குக் கீழ இறக்கிடுங்க. நாளைக்குக் காலையில நாங்க அங்க இருப்போம்."

மறுமுனையில் இருந்தவர் ஒருவேளை தலைக்கு மேலே நிமிர்ந்து பார்த்திருக்கலாம்.

"கீழ என் வீடு இருக்கு சார்" என்றது குரல், கடைசியில்.

"தெரியுங்க" என்றார் தொட்டிக்காரர். "இறக்கி முடிக்கிற வரைக்கும் வீட்ல இருக்கறவங்களை வெளிய வரச் சொல்லிடுங்க. போனை வெச்சுடாதீங்க. நான் கூடவே இருக்கேன்."

செருப்புச் சத்தம் ஓடியது. யாரோ யாரையோ கூப்பிட்டார்கள், ஒரு கதவு திறந்தது. இரும்புச் சக்கரம் ஒன்று இரண்டு தடவை முனகிவிட்டுச் சுழன்றது. முதலாளி கடைசியில் உட்கார்ந்தார். திட்டக்காரி பென்சிலைக் கையில் பிடித்தபடி தொலைபேசியின் பக்கம் சாய்ந்தாள். ஒரு நொடி வெறும் இரைச்சல். அப்புறம் தண்ணீர் விழத் தொடங்கியது.